கால்பந்துக் களத்தின் ஆசான் ரஹீம் சாஹிப்

எல்லாப் புகழும் இறைவன் ஒருவனுக்கே உரியது.

பேரிகை என்பது முரசுக்குத் தமிழ் வழங்கிய பெயர்களுள் ஒன்று. அப்பெயர் தாங்கிய ஊர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கருநாடக எல்லையை ஒட்டி, மாலூர் செல்லும் வழியில் அமைந்துள்ளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உர்தூவும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர் அது. அவ்வூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் நாள்தோறும் பேருந்தேறி வந்து பயிலும் மாணவர் நம்மிடையே பலர் உளர். அவர்களுள் ஒருவரைப் பற்றிய நினைவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாக அமைந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் கால்பந்து அணியில் அம்மாணவர் இடம்பெற்றிருந்தார். பந்து அவர் காலடிக்கு வந்தால் களத்தைச் சுற்றி நிற்போர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பர். எனினும் மாலைப் பயிற்சி தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவர் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். அதனை ஒழுங்கின்மை என்று நாம் கருதினோம், கண்டித்தோம். இரண்டாம் ஆண்டில் அவர் களத்திற்கே வரவில்லை. பின்னாளில் அவர் ஓசூர்த் தொழிற்பேட்டையில் பணியமர்ந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. பயிற்சி முடியும்வரை நின்றால் ஊருக்குச் செல்லும் பேருந்து போய்விடும். அடுத்த பேருந்தைப் பிடித்து இறங்கினால், இறங்குமிடத்திலிருந்து வீட்டிற்கு இருட்டில் நெடுந்தொலைவு நடக்கவேண்டும். அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

இந்நிகழ்ச்சியை எண்ணும்போதெல்லாம் ஐதராபாத் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கை நம் கண்முன் வந்து நிற்கின்றது. அவரே இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தைச் சமைத்த மர்ஹூம் சையது அப்துல் ரஹீம் சாஹிப் அவர்கள். தமிழ்த்துறையின் மலரில் புலவர்களும் அறிஞர்களும் இடம்பெறுவது வழக்கமாயிருக்க, விளையாட்டுத் துறையினர் ஒருவருக்கு இடம் ஏன் என்று வினவுவோர் இருக்கலாம். அவர் முதற்கண் ஓர் ஆசிரியர். வகுப்பறையில் கற்பித்த முறையைக் களத்திற்குக் கொண்டுசென்றதே அவருடைய பெருமை. அதனால்தான் கற்பிப்போரும் கற்போரும் பயிலும் இம்மலரில் அவரை நினைவுகூர்கின்றோம்.

தொடக்க வாழ்வு

1909ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தவர் ரஹீம் சாஹிப். நிஜாம் ஆட்சிக்காலத்து அந்நகரில் கல்விக்கு உயர்ந்த மதிப்பு இருந்தது. அவர் உசுமானியப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் ஆடினார். நகரக் கழகங்களின் சார்பிலும் களமிறங்கினார். பட்டம் பெற்றபின் ஆசிரியப் பணியை ஏற்றார். கச்சிகுடா நடுநிலைப்பள்ளி, உர்தூ ஷரீப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப்பள்ளி, சாதர்காட் உயர்நிலைப்பள்ளி ஆகியவற்றில் அவர் பணியாற்றினார். இடையில் உடற்கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளி விளையாட்டுகளின் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

நம் ஊர்களில் பி.டி. மாஸ்டர் என்றழைக்கப்படும் உடற்கல்வி ஆசிரியருக்குக் கணக்காசிரியருக்கோ அறிவியல் ஆசிரியருக்கோ உள்ள மதிப்பு இன்றும் கிடைப்பதில்லை. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அவருடைய பாடவேளைதான். அத்தகைய பணியை விரும்பித் தேர்ந்த பட்டதாரி ஒருவர் பிற்காலத்தில் ஒரு நாட்டின் அணியையே உருவாக்கினார் என்பது நாம் ஊன்றிக் கருதத்தக்க செய்தியாகும்.

1940களின் தொடக்கத்தில் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. தம் இறுதிக்காலம் வரை அவர் அப்பொறுப்பில் இருந்தார். 1950ஆம் ஆண்டில் ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளரானார். அக்காலத்தில் இந்தியக் கால்பந்து என்றால் கல்கத்தாவே என்ற நிலை இருந்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆகிய கழகங்களின் புகழ் நாடெங்கும் பரவியிருந்தது. தெற்கேயிருந்து சென்ற காவலர் அணியொன்று 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. தில்லியின் தியூரண்டு கோப்பையும் அவ்வணியின் கைக்கு வந்தது. 1950களின் பிற்பகுதியில் சந்தோஷ் கோப்பையையும் ஐதராபாத் அடுத்தடுத்து இருமுறை வென்றது. காவலர் சிலரைக் கொண்டு இத்தனை வெற்றிகளை அவர் எவ்வாறு ஈட்டினார் என்ற வினாவுக்கு விடை அவருடைய கற்பிக்கும் முறையில் உள்ளது.

கற்பித்த முறை

அந்நாளைய இந்திய ஆட்டக்காரர் பெரும்பாலோர் பந்தைத் தம் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஒருவர்பின் ஒருவராக ஏய்த்துச் செல்வதையே திறமை என்று கருதினர். காண்போரும் அதற்கே கைதட்டினர். ரஹீம் சாஹிப் அத்திறமையை இகழவில்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லை வேண்டும் என்று உணர்ந்தார். பந்தை ஏய்த்துக் கொண்டுசெல்வதே கூடாது, வந்தவுடன் தோழருக்கு அனுப்பிவிடவேண்டும் என்னும் விதியோடு போட்டிகளை அவர் நடத்தினார். வழக்கமான காலால் பந்தை உதைக்கக்கூடாது, வலுக்குறைந்த காலாலேயே ஆடவேண்டும் என்னும் விதியோடும் போட்டிகள் நடந்தன. சிறுவர்களுக்கு உயர வரம்பு வைத்துத் தனிப் போட்டிகள் அமைத்தார். அதனால் உருவில் சிறியவன் பெரியவனிடம் முட்டுண்டு விலகிப்போகாமல் தன் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வழி பிறந்தது.

இம்முறைகளை உற்றுநோக்கினால் நல்ல ஆசிரியர் ஒருவரின் கையொப்பம் அவற்றில் தெரியும். மாணவனுக்கு நன்கு வரும் பாடத்தையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பாராட்டுவது எளிது. அவனுக்கு வராத பாடத்தில் அவனை உட்காரவைத்து, அவன் அஞ்சாதபடி சிறுசிறு பயிற்சிகளாகப் பிரித்துக் கொடுப்பதே கடினம். வலக்காலால் மட்டும் ஆடத்தெரிந்தவன் களத்தில் பாதி ஆட்டக்காரனே என்று அறிவுரை கூறுவதோடு ரஹீம் சாஹிப் நிற்கவில்லை. இடக்காலைப் பயன்படுத்தியே தீரவேண்டிய களம் ஒன்றை அமைத்து, அவன் தானே கண்டுகொள்ளுமாறு செய்தார். அறிவுரை காதோடு நின்றுவிடும். பயிற்சி உடலில் பதியும்.

தனித்திறனை அணியின் பொருட்டு அடக்கிக்கொள்வது எளிதன்று. கூட்டுத் தொழுகையில் செல்வரும் வறியரும் தோளோடு தோள் ஒட்டி ஒரே வரிசையில் நிற்பதை நாம் அறிவோம். வரிசையில் ஒருவர் முந்தி நின்றாலும் வரிசை குலைந்துவிடும். பதினொருவர் ஆடும் ஆட்டத்திலும் நிலை அதுவே.

ஹெல்சிங்கி தந்த பாடம்

1951ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி புதுதில்லியில் நடைபெற்றது. சைலேன் மன்னா தலைமையில் ஆடிய இந்திய அணி, இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது. மேவாலால் அடித்த கோல் அது. அணியின் பயிற்சியாளர் ரஹீம் சாஹிப். விடுதலை பெற்று நான்கே ஆண்டுகளான நாட்டிற்கு அவ்வெற்றி எத்தகைய மகிழ்ச்சியைத் தந்திருக்கும் என்பதை ஊகித்து உணரலாம்.

ஆனால் அடுத்த ஆண்டே பேரிடி வந்தது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோசுலாவிய அணியிடம் இந்தியா 1-10 என்ற கணக்கில் தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூரின் அகமது கான். குளிர் மிகுந்த அந்நாட்டில் நம் ஆட்டக்காரர் சிலர் வெறுங்காலுடன் ஆடினர். அதற்கு முன்னர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிலும் நம்மவர் பலர் வெறுங்காலுடனே ஆடிப் பிரான்சிடம் 1-2 என்று நூலிழையில் தோற்றிருந்தனர். அப்போது வெறுங்கால் ஆட்டம் உலகின் வியப்புக்கு உரியதாயிற்று. ஹெல்சிங்கியிலோ அவ்வியப்பு எதற்கும் உதவவில்லை. இத்தோல்விக்குப்பின் தேசிய அணியினர் பூட்ஸ் அணிந்தே ஆடவேண்டும் என்று இந்தியக் கால்பந்து சம்மேளனம் விதித்தது.

இவ்விடத்தில் ரஹீம் சாஹிபின் மனநிலை நமக்குப் பாடமாகும். பத்துக் கோல்கள் வாங்கிய அணியின் பயிற்சியாளர் குளிரைக் குறைகூறலாம், காலணியைக் குறைகூறலாம், ஆட்டக்காரர்களைக் குறைகூறலாம். அவரோ அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரி அணியின் ஆட்டத்திலிருந்து கற்றுக்கொண்டார். ஹங்கேரியரின் நடு முன்கள ஆட்டக்காரர் எதிரணியின் கோலருகே காத்து நிற்காமல், சற்றுப் பின்வாங்கி நின்று பந்தைப் பெற்று மற்றவர்க்குப் பகிர்ந்தளிப்பார். அவரைப் பின்தொடர்ந்து வரும் தற்காப்பு ஆட்டக்காரர் தம் இடத்தை விட்டு விலக, அவ்வெற்றிடத்தில் ஏனையோர் பாய்வர். இம்முறையை ரஹீம் சாஹிப் இந்திய அணிக்குக் கற்பித்தார். உலகின் பல அணிகள் பழைய அமைப்பிலேயே ஆடிக்கொண்டிருந்த காலத்தில் நம் அணி புதிய அமைப்பில் பயிலத் தொடங்கியது.

மெல்போர்னும் ரோமாபுரியும்

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அதன் பயன் தெரிந்தது. ஹங்கேரி விலகிக்கொண்டதால் முதற்சுற்றைக் கடந்த இந்தியா, டிசம்பர் 1ஆம் நாள் போட்டியை நடத்திய ஆசுத்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா அவ்வாட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்த முதல் ஆசியர் அவரே. அரையிறுதியில் எதிர்ப்பட்டதோ, நான்காண்டுகளுக்கு முன் பத்துக் கோல்கள் அடித்த அதே யூகோசுலாவியா. இடைவேளைவரை எந்த அணியும் கோல் அடிக்கவில்லை. இடைவேளைக்குப்பின் முதலில் கோல் அடித்து முந்தியது இந்தியாவே. இறுதியில் 1-4 என்று தோற்றாலும், பல்கேரியாவிடமும் தோற்று நான்காமிடமே கிடைத்தாலும், ஹெல்சிங்கிக்கும் மெல்போர்னுக்கும் இடைப்பட்ட தொலைவை அளந்தறிவோர் அதனைத் தோல்வியென்று கூறார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எட்டிய மிக உயர்ந்த இடம் இன்றளவும் அதுவே.

அவ்வணியில் அஜீசுத்தீன், நூர் முகம்மது, ஜுல்பிகாருத்தீன் எனப் பலர் ஐதராபாத்தினர். துளசிதாஸ் பலராம் என்னும் இளைஞரும் அவ்வணியில் இருந்தார். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் பலராம். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம் சாஹிப் ஐதராபாத்திற்குப் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். நாள்தோறும் அத்தனை தொலைவு வந்துபோக வழியில்லை என்பது பலராமின் நிலை. ரஹீம் சாஹிப் அதனைக் கேட்டறிந்து, வாடகை மிதிவண்டிக்கான காசைக் கொடுத்து அவரை வரவழைத்தார். அந்தச் சிறு உதவியால் களத்திற்கு வந்த இளைஞர் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆசியப் போட்டியிலும் நாட்டிற்காக ஆடினார். 2023ஆம் ஆண்டு மறையும்வரை இந்தியாவின் தலைசிறந்த முன்கள ஆட்டக்காரர்களுள் ஒருவராகப் போற்றப்பெற்றார்.

மிதிவண்டி வாடகை சிறிய தொகைதான். ஆயினும் அத்தொகை இல்லாமையால் பலராம் வீட்டிலேயே தங்கியிருப்பின் இந்தியா இழந்திருக்கக்கூடியது சிறிதன்று. பேருந்து நேரம் பார்த்துப் புறப்பட்ட நம் பேரிகை மாணவரை நாம் கண்டித்தோம். பலராமிடம் ரஹீம் சாஹிபோ காரணம் கேட்டார். ஆசிரியர் இருவர்க்கிடையே உள்ள வேறுபாடு அந்த ஒரு வினாவில் அடங்கியுள்ளது.

1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் இந்தியா கடினமான பிரிவில் இடம்பெற்றது. ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோற்றது. பிரான்சோடு 1-1 எனச் சமன் செய்தது. பெருவிடம் 1-3 என்று தோற்றது. நம் தஞ்சைத் தரணி தந்த சைமன் சுந்தரராஜ் அவ்வணியில் ஆடியது தமிழர்க்குப் பெருமை. ரஹீம் சாஹிபின் மகன் சையது ஷாஹித் ஹக்கீமும் அவ்வணியில் ஒருவராக ரோமாபுரி சென்றிருந்தார். ஆனால் மூன்று ஆட்டங்களில் ஒன்றிலேனும் தந்தை அவரைக் களமிறக்கவில்லை. ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டமேனும் ஆடும் வாய்ப்பை மகனுக்கு அளிக்கும் அதிகாரம் தந்தையின் கையிலேயே இருந்தது. அதனை அவர் பயன்படுத்தவில்லை. பொறுப்பை அமானிதமாகக் கருதுவோர்க்கே இது இயலும். ஹக்கீம் பின்னர் விமானப்படை அதிகாரியாகவும் பன்னாட்டு நடுவராகவும் பயிற்சியாளராகவும் புகழ்பெற்று, 2021ஆம் ஆண்டு மறைந்தார்.

ஜகார்த்தாவின் மாலை

ரஹீம் சாஹிபின் வாழ்வின் முடிமணியாக அமைந்தது 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியாகும். அதற்குள் நுரையீரல் புற்றுநோய் அவருடைய உடலைப் பற்றிக்கொண்டிருந்தது. அந்நிலையிலும் அவர் அணியோடு சென்றார்.

தொடக்கமே சறுக்கலாயிற்று. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று இந்தியா தோற்றது. பின்னர்த் தாய்லாந்தை 4-1 என்றும் சப்பானை 2-0 என்றும் வென்றது. தாய்லாந்துடன் ஆடியபோது தற்காப்பின் தூணான ஜர்னைல் சிங்கிற்குத் தலையில் பலத்த காயம் ஏற்பட்டுத் தையல் போடவேண்டியதாயிற்று. அடிபட்ட தலையோடு தற்காப்பில் நின்று பந்தை முட்டித் தடுப்பது இடர். அவரை ஓய்வெடுக்கச் செய்வதே எவர்க்கும் தோன்றும் வழி. ரஹீம் சாஹிபோ அவரை அரையிறுதியில் முன்கள ஆட்டக்காரராக நிறுத்தினார். வாழ்நாளெல்லாம் கோலைத் தடுத்தே பழகியவர் கோல் அடிக்க நிறுத்தப்பெற்றார். தென்வியட்நாமுக்கு எதிரான அவ்வாட்டத்தில் அவர் ஒரு கோல் அடிக்க, இந்தியா 3-2 என்று வென்றது. காயமுற்ற வீரரைக் களமிறக்குவதை இன்றைய மருத்துவ அறிவு ஏற்காது. நம் மாணவர் அதனைப் பின்பற்றவும் கூடாது. எனினும் தம் மாணவரின் ஆற்றல் ஒரே இடத்திற்கு உரியதன்று என்பதை அறிந்திருந்த ஆசிரியரின் நுண்ணறிவு வியப்பிற்குரியது.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. அப்போட்டிக்கு இசுரேலும் தைவானும் அழைக்கப்படாமை குறித்து இந்தியப் பிரதிநிதி ஒருவர் எழுப்பிய வினாவால் ஜகார்த்தா மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர். அரங்கை நிறைத்த பெருங்கூட்டம் இந்தியருக்கு எதிராகவே முழங்கியது. அக்கூட்டத்தின் நடுவே பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் இந்தியாவிற்கு ஆதரவாகக் குரலெழுப்பினர் என்னும் செய்தி இன்றும் நெஞ்சை நெகிழ்விக்கின்றது. இறுதியாட்டத்திற்கு முன் தம் ஆட்டக்காரர்களிடம் ரஹீம் சாஹிப் தமக்கென ஒரே ஒரு பரிசு கேட்டார். அது தங்கப் பதக்கம் என்று அவ்வணியினர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர்.

கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் ஆடாதிருந்தார். இறுதியாட்டத்தில் அவர் களமிறங்கினார். ஐதராபாத்தில் பிறந்த தமிழரான தங்கராஜ், நீலகிரி வெல்லிங்டனில் உள்ள சென்னை ரெஜிமெண்டுப் படைமையத்தில் சேர்ந்து ஆட்டத்தில் உயர்ந்தவர். தொடக்கத்தில் முன்கள ஆட்டக்காரராயிருந்து பின்னர் கோல் காப்பாளராக மாறியவர். பலராமும் அருமைநாயகமும் எத்திராஜும் அவ்வணியில் இருந்த பிற தமிழ்ப் பெயர்கள். அணித்தலைவர் சுனி கோஸ்வாமி. முதல் இருபது நிமிடங்களுக்குள் பி.கே. பானர்ஜி ஒரு கோலும், தலைக் காயத்தோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோலும் அடித்தனர். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியர் ஒரு கோல் திருப்பினர். 2-1 என்ற கணக்கில் தங்கம் இந்தியாவின் கழுத்தில் ஏறியது. தோற்ற அணியிடமே மீண்டு வந்து வென்றதும், எதிர்ப்பு முழக்கத்தின் நடுவே வென்றதும் அவ்வெற்றியின் சிறப்புகள்.

தாயகம் திரும்பிய ரஹீம் சாஹிபை நோய் படுக்கையில் கிடத்தியது. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் இறையழைப்பை ஏற்றார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருக்குப்பின்

1960ஆம் ஆண்டிற்குப்பின் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா ஆடவே இல்லை. ஆசிய விளையாட்டில் 1970ஆம் ஆண்டு பாங்காக்கில் வெண்கலம் கிடைத்தது. தங்கம் மீண்டும் கிட்டவில்லை. இதற்கு ஒரு மனிதரின் மறைவு மட்டுமே காரணம் என்று கூறுவது மிகையாகும். பிற ஆசிய நாடுகள் பள்ளிதோறும் பயிற்சியைப் பரப்பின. நாம் வெற்றிவிழாக்களோடு நிறைவடைந்தோம். ஐதராபாத்தின் பள்ளிகளிலும் மைதானங்களிலும் ரஹீம் சாஹிப் செய்த வேலையை நூறு ஊர்களில் நூறு ஆசிரியர்கள் செய்திருந்தால் பொற்காலம் ஒருவரோடு முடிந்திராது. ஒரு விளக்கு அணைந்ததும் வீடு இருண்டதென்றால், குறை அந்த விளக்கினுடையதன்று.

பயிற்சியாளர்க்குரிய துரோணாச்சாரியார் விருதை நடுவணரசு நிறுவியது 1985ஆம் ஆண்டில்தான். அப்போது ரஹீம் சாஹிப் மறைந்து 22 ஆண்டுகள் கடந்திருந்தன. 2024ஆம் ஆண்டு அவருடைய வாழ்வை அடிப்படையாகக் கொண்டு இந்தியில் மைதான் என்னும் திரைப்படம் வெளிவந்த பிறகே இளந்தலைமுறையினர் பலர் அவர் பெயரை முதன்முதலாகக் கேட்டனர். ஆட்டக்காரரை நினைவில் வைக்கும் உலகம் ஆசிரியரை மறந்துவிடுவது புதிதன்று.

இளைஞர்களுக்கு

ரஹீம் சாஹிபின் வாழ்விலிருந்து நம் மாணவர் கொள்ளத்தக்கவை சில உள.

முதலாவது, உங்களுக்கு நன்கு வருவதில் மயங்கிவிடாதீர்கள். வலுக்குறைந்த காலைப் பயிற்றுங்கள். பாராட்டுக் கிடைக்காத பயிற்சியே உங்களை வளர்க்கும். இது களத்திற்கு மட்டுமன்று. தமிழில் வல்லவர் கணக்கிற்கும், கணக்கில் வல்லவர் மேடைப் பேச்சிற்கும் இதனைப் பொருத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, பந்தை உரிய நேரத்தில் தோழருக்குக் கொடுக்கப் பழகுங்கள். கோல் அடித்தவர் பெயரை மட்டுமே ஊர் கூறும். பந்து கொடுத்தவரை அணி அறியும்.

மூன்றாவது, தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். பத்துக் கோல்கள் வாங்கிய அணி நான்காண்டுகளில் ஒலிம்பிக் அரையிறுதி வரை சென்றது. வென்ற அணியின் ஆட்டத்தைப் பொறாமையின்றி உற்றுப்பார்த்த ஒருவர் இருந்தமையே அதற்குக் காரணம்.

நான்காவது, உடல் இறைவன் தந்த அமானிதம். அதனைப் புகையாலும் போதையாலும் கெடுப்பது நம்பிக்கை மோசடியாகும். வலியை மறைத்து ஆடுவது வீரமன்று. காயம்பட்டால் ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் கூறுங்கள்.

ஐந்தாவது, படிப்பை விட்டுவிடாதீர்கள். விளையாட்டு வீரரின் களவாழ்வு குறுகியது. ரஹீம் சாஹிப் பட்டதாரி, ஆசிரியர். கால் ஓய்ந்தபின் அவரை உயர்த்தியது கல்வியே.

பெற்றோர்க்கும் பெரியோர்க்கும்

விளையாட்டு பிள்ளைகளின் கல்வியையும் ஒழுக்கத்தையும் கெடுத்துவிடும் என்ற அச்சம் நம் சமுதாயப் பெரியோரிடம் இன்றும் உண்டு. அவ்வச்சம் அன்பின்பாற்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆனால் மாலை வேளையில் களத்தில் வியர்வை சிந்தும் இளைஞன், கடைத்தெரு முனையில் கைப்பேசியோடு நிற்கும் இளைஞனைவிட ஒழுக்கத்திற்கு அருகில் இருக்கின்றான். பயிற்சியைத் தொழுகை நேரத்திற்கு இடையூறின்றி அமைப்பதும், தேர்வுக் காலத்தில் குறைப்பதும் ஆசிரியர் கடமை. அவனைக் களத்திற்கு அனுப்பிவைப்பது பெற்றோர் கடமை.

இன்னொன்றையும் பணிவுடன் வேண்டுகின்றோம். ஓசூர், சூளகிரி, பாகலூர், பேரிகை வழித்தடங்களிலிருந்து வரும் மாணவர் பயிற்சி முடிந்து பாதுகாப்பாக வீடு சேர ஒரு வழி வேண்டும். மாலைப் பயிற்சியைக் காலைக்கு மாற்றலாம். தொலைவிலிருந்து வருவோர்க்குச் சில நாள் விடுதியில் இடம் தரலாம். பேருந்துக் கட்டணத்திற்கென முன்னாள் மாணவர் ஒரு சிறு நிதி திரட்டலாம். தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் பழைய மாணவர் பலர் இதற்கு மனமுவந்து முன்வருவர் என்று நம்புகின்றோம். கோப்பைகளை அடுக்கும் கண்ணாடிப் பேழையைவிட அந்நிதியே பயனுடையது.

களத்தை விட்டுச் சென்ற அந்த மாணவர் இப்போது குடும்பத்தைத் தாங்கும் பொறுப்புள்ள இளைஞர். அவர்மீது நமக்குக் குறையில்லை. அவரிடம் கேட்கத் தவறிய வினாவை அடுத்து வரும் மாணவரிடமேனும் நாம் கேட்கவேண்டும். ஏன் சீக்கிரம் போகின்றாய் என்று அன்போடு கேட்பதற்கு நிதியும் வேண்டியதில்லை, விருதும் வேண்டியதில்லை.

மர்ஹூம் சையது அப்துல் ரஹீம் சாஹிப் அவர்களுக்கு எல்லாம் வல்ல இறைவன் மேலான சுவனபதியை அருள்வானாக! அவர் வழியில் கற்பிக்கும் மனத்தை ஆசிரியர்க்கும், கற்கும் பொறுமையை மாணவர்க்கும் வழங்குவானாக! ஆமீன்.